பழைய லொறியின் புகைக்குழாயை வீட்டிலேயே மாற்றுவது: முதல் நட்டிலிருந்து கடைசிச் சோதனை வரை

இது கணினியும் சென்சரும் இல்லாத பழைய டீசல் லொறிகளுக்காக எழுதியது. எங்கள் வீட்டில் நிற்பது இசுசு எல்ஃப் 250. கன்டர், டைனா வைத்திருப்பவர்களுக்கும் வேலையின் ஒழுங்கு இதுதான், அளவுகள் மட்டும் மாறும். புகை வடிகட்டி, சென்சர் எல்லாம் உள்ள புது வண்டிகளுக்கு இதைப் பின்பற்ற வேண்டாம், அது வேறு வேலை.

என் லொறியில் இரண்டு தடவையும், சொந்தக்காரர், அயலவர் லொறிகளில் நாலைந்து தடவையும் இதைச் செய்திருக்கிறேன். பக்கத்தில் நின்று புதிதாகப் பழகுபவர்களைப் பார்த்ததில், பிழை வருவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான். ஒன்று, எண்ணெய் ஊறாத நட்டை அவசரப்பட்டுத் திருகி, அது பூட்டியிருக்கும் ஸ்டட்டை, அதாவது தலையில்லாத புரிக்கம்பியை, முறிப்பது. மற்றது, பூட்டும்போது ஒவ்வொரு மூட்டையும் அங்கங்கேயே இறுக்கிக்கொண்டு போவது. இரண்டாவது பிழைதான் கனக்க நாளைத் தின்னும், ஏனென்றால் கடைசிக் குழாய் செஸியில் முட்டும்போதுதான் அது தெரியவரும், அதற்குள் எல்லாம் இறுகிவிட்டிருக்கும்.

முதல் தடவை செய்பவருக்கு எண்ணெய் ஊறும் நாட்களைத் தவிர்த்து முழுதாக இரண்டு நாள் வேண்டும். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைச் சான்றிதழ் தேவை என்பதால் பலர் அந்தத் திகதி நெருங்கும்போதுதான் லொறிக்கு அடியில் குனிந்து பார்க்கிறார்கள். குறைந்தது இரண்டு கிழமை முன்னதாகத் தொடங்குங்கள். மாரி தொடங்க முன் செய்தால் இன்னும் நல்லது.

1. எது போயிருக்கிறது என்று முதலில் பாருங்கள்

சத்தம் கூடிவிட்டது என்றவுடன் சைலன்சரை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது அடியில் படுத்து, எஞ்சினின் புகையைச் சேர்த்து வெளியே விடும் வார்ப்பிரும்பு மனிபோல்டிலிருந்து முன்குழாய், நடுக்குழாய், சைலன்சர், பின்குழாய் என்று கடைசி வரை ரோச் லைட் பிடித்துப் பாருங்கள். புகை கசியும் இடத்தில் கறுப்புக் கரி கோடு போட்டிருக்கும். ஸ்குரூ டிரைவரின் பிடியால் குழாயைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், உக்கினது பொத்தென்று கேட்கும். சைலன்சரைக் கையால் குலுக்கும்போது உள்ளே கிலுகிலுத்தால் உள்தகடு கழன்றுவிட்டது, வெளியே எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் அதை மாற்றத்தான் வேண்டும்.

எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் இரும்பு உக்குவது ஒரே மாதிரி நடப்பதில்லை. குருநகர், மயிலிட்டி, பருத்தித்துறைப் பக்கம் மீன் ஏற்றும் லொறிகளில் ஐஸும் உப்புத் தண்ணீரும் பலகை இடுக்கால் வடிந்து பின்குழாயையும் சைலன்சரின் பின்முகத்தையும்தான் முதலில் தின்னும். மரக்கறி ஏற்றி மருதனார்மடம், திருநெல்வேலிச் சந்தைகளுக்கு மட்டும் ஓடும் லொறியில் உள்ளிருந்து உக்கும், ஏனென்றால் குறுகிய ஓட்டத்தில் சைலன்சர் முழுதாகச் சூடேறாது, உள்ளே படியும் தண்ணீர் ஆவியாகாமல் அடியில் தேங்கி நிற்கும். தம்புள்ளைக்கு அடிக்கடி போய்வரும் லொறியில் குழாய் நன்றாக இருந்து, அதைச் செஸியில் தொங்கவிடும் தொங்கு ரப்பர்கள் அறுந்திருப்பதைக் கண்டிருக்கிறேன்.

முன்குழாய் வெடித்திருந்தால் ஒரு கணம் நில்லுங்கள். அது துருவால் வெடிக்கவில்லை என்றால் எஞ்சின் மவுண்டைப் பாருங்கள். ஒருவரை எஞ்சினை ஸ்டார்ட் செய்து நிறுத்தச் சொல்லிவிட்டு, நிற்கும் கணத்தில் எஞ்சின் எவ்வளவு ஆடுகிறது என்று கவனியுங்கள். மவுண்ட் ரப்பர் பிளந்திருந்தால் அந்த ஆட்டம் முழுவதையும் முன்குழாய்தான் வாங்கும். மவுண்டை விட்டுவிட்டுப் புதுக் குழாய் பூட்டினால் சில மாதத்தில் அதே இடத்தில் மறுபடி வெடிக்கும்.

இரண்டு இடத்துக்கு மேல் உக்கியிருந்தால் நான் சைலன்சர், நடுக்குழாய், பின்குழாய் மூன்றையும் ஒன்றாக மாற்றுவேன். பழைய குழாயில் புதுக் குழாயை வெல்டிங்கால் ஒட்டினால் ஒட்டுக்குப் பக்கத்துப் பழைய இரும்புதான் அடுத்ததாக ஓட்டையாகும்.

2. கழற்ற முன் கையில் இருக்க வேண்டியவை

லொறி கழற்றிக் கிடக்கும்போது சாமான் தேடி ஓடுவது பெரிய தொல்லை, அதனால் இவற்றை முதலே சேர்த்துவிடுங்கள்.

ஜப்பான் லொறிகளில் 8 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 12 ஸ்பனர், 10க்கு 14, 12க்கு 17 என்றுதான் பெரும்பாலும் வரும். இந்த மூன்றுக்கும் ஆறு மூலைச் சொக்கெட் வேண்டும். பன்னிரண்டு மூலைச் சொக்கெட் துருப்பிடித்த நட்டின் மூலைகளை வழித்து உருண்டையாக்கிவிடும், பிறகு எந்த ஸ்பனரும் பிடிக்காது. நீளமான கைபிடி, கம்பித் தூரிகை, சுத்தியல், உளி, இரும்பு வாள், கிரைண்டர், அளவு நாடா, வெண்கட்டி, கட்டுக்கம்பி. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். மல்லாந்து படுத்துத் துருவைச் சுரண்டும்போது அது நேரே கண்ணுக்குள்தான் விழும். துருப்பிடித்த தகடு கையைக் கிழிக்கும் வேலை இது, ஏற்பு ஊசி போட்டுக் கன வருடமென்றால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்க வேண்டியவை: எல்லா ஃபிளேஞ்சுக்கும் (குழாய் முனையில் நட்டுப் போட்டு இறுக்கும் தட்டு) இடையில் வைத்துக் கசிவை அடைக்கும் புது கஸ்கெட், எல்லா நட்டும், இரண்டு மூன்று ஸ்டட் கூடுதலாக, தொங்கு ரப்பர்கள் முழுசெட்டாக, கிளாம்ப், செம்பு கிரீஸ் ஒரு சின்ன ரியூப். பழைய கஸ்கெட் பார்க்க நல்லதாகத் தெரிந்தாலும் ஒரு தடவை நசுங்கினது மறுபடி அடைக்காது.

நட்டு வாங்கும்போது ஒரு கவனம். 10 மில்லிமீற்றர் நட்டு என்று மட்டும் கேட்டால் சாதாரண ஹாட்வெயார் கடையில் 1.5 புரியிடைவெளி உள்ள நட்டைத்தான் தருவார்கள். ஜப்பான் லொறியின் ஸ்டட் பெரும்பாலும் 1.25. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், முதல் இரண்டு சுற்றும் கையால் ஏறும், பிறகு இறுகும், துருவாக்கும் என்று நினைத்து ஸ்பனர் போட்டால் ஸ்டட்டின் புரி முழுவதும் போய்விடும். பழைய ஸ்டட் ஒன்றைக் கையில் கொண்டுபோய் வாகன உதிரிப்பாகக் கடையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். மனிபோல்ட் பக்கத்துக்குப் பித்தளை நட்டுக் கிடைத்தால் அதுவே நல்லது, அது ஸ்டட்டோடு சேர்ந்து துருப்பிடித்துக் கட்டாது.

3. எண்ணெய் ஊறட்டும்

வேலை நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்குங்கள். ஒவ்வொரு நட்டையும் கம்பித் தூரிகையால் உரசி, புரி தெரியும் அளவுக்குத் துருவை எடுத்துவிட்டு ஊடுருவும் எண்ணெய் அடியுங்கள். விடியவும் பின்னேரமும் என்று நாளுக்கு இரண்டு தரம். துருவை உரசாமல் மேலால் எண்ணெய் அடித்தால் அது மேலேயே நின்றுவிடும், புரிக்குள் இறங்காது.

இந்த நாட்களில் லொறியை ஓட்டலாம். சூடாகி ஆறும்போது எண்ணெய் உள்ளே இழுபடும். சூடாக இருக்கும்போது மட்டும் அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

4. லொறியை நிறுத்தும் இடம்

எல்ஃப் போன்ற லொறிக்குத் தூக்காமலேயே அடியில் படுக்க இடம் இருக்கும். முடிந்தால் தூக்காமல் செய்யுங்கள், ரயர் நான்கும் நிலத்தில் நிற்பதைவிடப் பாதுகாப்பு வேறில்லை. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரில் விட்டு, முன்னும் பின்னும் ரயருக்குக் கட்டை வையுங்கள்.

தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் நிலத்தைப் பாருங்கள். வடமராட்சிப் பக்க மணலிலும், மழை பெய்த செம்பாட்டு மண்ணிலும் ஜாக்கி சரிந்து இறங்கும். இரண்டு அங்குலத் தடிப்பான பலகையைப் பரப்பி அதன்மேல் ஜாக்கியை வையுங்கள். தூக்கிய பின் செஸிக்கு அடியில் தாங்கு கால்களையோ குறுக்காக அடுக்கிய தடித்த பனங்குற்றிகளையோ கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். சீமெந்துக் கல் அடுக்கிப் படுப்பவர்களையும் கண்டிருக்கிறேன். அந்தக் கல் விரிசல் காட்டி எச்சரிப்பதில்லை, ஒரே நொடியில் பொடியாகும்.

எஞ்சின் முழுதாக ஆற வேண்டும், ஓடிவந்த லொறி என்றால் இரண்டு மூன்று மணித்தியாலம். பற்றறியின் மறை முனையைக் கழற்றிவிடுங்கள். ஸ்ராட்டர் வயர் முன்குழாய்க்குப் பக்கத்தால்தான் போகும், ஸ்பனர் அதில் பட்டால் பொறி பறக்கும்.

5. கழற்ற முன் அளவும் படமும்

பலர் தாண்டிப் போகும் படி இது. பழைய குழாய் தொங்கும்போதே இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: மனிபோல்ட் ஃபிளேஞ்சிலிருந்து சைலன்சரின் முன்முகம் வரை தூரம், சைலன்சரின் நீளம், செஸியிலிருந்து குழாய் எவ்வளவு கீழே நிற்கிறது என்று நாலு இடத்தில், பின்குழாயின் வாய் எந்தப் பக்கம் எவ்வளவு வெளியே நிற்கிறது. போனில் முன்னால், பக்கத்தால், பின்னால் என்று படம் எடுங்கள். தொங்கு கொக்கி ஒவ்வொன்றுக்கும் நேராகச் செஸியில் வெண்கட்டியால் கோடு போடுங்கள். சைலன்சரில் உள்வாய் எது வெளிவாய் எது என்றும் குறியுங்கள். சில சைலன்சரில் இரண்டு வாயும் ஒரே அளவாக இருக்கும், உள்ளே தட்டுகளின் ஒழுங்கு மட்டும் வேறு, திருப்பிப் பூட்டினால் சத்தமும் எதிர் அழுத்தமும் கூடும்.

இன்னுமொரு அளவு. பின் அச்சுக்கு மேலால் குழாய் போகும் லொறி என்றால், அச்சுக்கும் செஸியில் உள்ள இடிதாங்கி ரப்பருக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். சுமை ஏற்றிக் குழியில் விழும்போது அச்சு அவ்வளவு தூரம் மேலே வரும். குழாய்க்கும் அச்சுக்கும் இடையே அதைவிட 25 மில்லிமீற்றர் கூடுதலாக இருக்க வேண்டும். என் அத்தானின் லொறியில் வெறுமையாக நிற்கும்போது எல்லாம் சரியாக இருந்தது. வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டு போன முதல் நாளே கிளிநொச்சி தாண்ட முன் குழாய் நசுங்கிவிட்டது. அளந்திருந்தால் வளைவை இரண்டு விரல் உயர்த்தி வைத்திருப்போம்.

6. கழற்றுவது: பின்னாலிருந்து முன்னுக்கு

பின்குழாயிலிருந்து தொடங்குங்கள். முன்னால் ஃபிளேஞ்சை முதலில் கழற்றினால் முழுப் பாரமும் அரைகுறை ரப்பர்களில் தொங்கி, கடைசி ஸ்டட்டை வளைத்து இழுக்கும். சைலன்சர் 10 கிலோவுக்கு மேல் வரும், துருவும் கரியும் சேர்ந்தால் இன்னும் கூட. அதைக் கழற்ற முன் கட்டுக்கம்பியால் செஸியோடு தளர்வாகக் கட்டிவிட்டுப் பிறகு கிளாம்பைத் தொடுங்கள், அப்படியென்றால் தவறினாலும் நெஞ்சில் விழாது.

ஒன்றுக்குள் ஒன்று ஏறிய மூட்டுகள் வராவிட்டால் வெளிக்குழாயில் நீளவாக்கில் கிரைண்டரால் கீறி, உளியால் விரித்துவிடுங்கள். அடித்துப் பிரிக்கப் பார்த்தால் அந்த அடி முழுவதும் முன்குழாய்க்கும் மனிபோல்டுக்கும் போகும். கிரைண்டர் பிடிக்க முன் டீசல் லைன், பிரேக் லைன், வயர்க்கட்டு எங்கே என்று பார்த்து, ஈரச் சாக்கு ஒன்றால் மூடுங்கள். ஒரு வாளி தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும்.

கழற்றிய பழைய குழாய்களைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். நிலத்தில் அதே ஒழுங்கில் பரப்பி வையுங்கள், புதுக்குழாயின் வளைவுக்கு அதுதான் மாதிரி. வேலை முடிந்து ஒரு கிழமை ஓடிய பிறகு விற்கலாம்.

முன்குழாய் கஸ்கெட்டின் எச்சத்தைச் சுரண்டும்போது தண்ணீரால் நனைத்துச் சுரண்டுங்கள், காய்ந்தபடி கிரைண்டர் போடாதீர்கள். பழைய கஸ்கெட்டில் கல்நார் இருக்கலாம், அதன் தூள் நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது.

7. மனிபோல்ட் நட்டு வராவிட்டால்

இங்கேதான் பொறுமை வேண்டும். நட்டை முதலில் கழற்றும் பக்கம் திருப்பாதீர்கள். இறுக்கும் பக்கம் மிக மெதுவாக ஒரு தள்ளுத் தள்ளுங்கள், துருவின் பிடி டிக் என்று விடும். பிறகு கழற்றும் பக்கம் கால் சுற்று, திரும்ப இறுக்கும் பக்கம் கொஞ்சம், எண்ணெய், மறுபடி அரைச் சுற்று. ஒரே இழுப்பில் கழற்றப் பார்த்தால் துருத்தூள் புரிக்குள் உருண்டு சிக்கி ஸ்டட் முறுகும். கையில் அந்த முறுக்கல் தெரியும், நட்டுச் சுற்றுகிறது ஆனால் பசை மாதிரி இழுக்கிறது என்றால் உடனே நிறுத்துங்கள், சுற்றுவது ஸ்டட்.

அடுத்தது சூடு. காஸ் ரோச்சால் நட்டை மட்டும் சூடாக்குங்கள், ஸ்டட்டை அல்ல, நட்டு விரிந்தால்தான் பிடி விடும். பக்கத்தில் டீசல் லைன் இருந்தால் இந்த வேலையைச் செய்யாதீர்கள், லைனைக் கழற்றி முனையை அடைத்து அப்பால் கட்டிவிட்டுச் செய்யுங்கள். சூடான நட்டின் அடியில் மெழுகுதிரியைத் தொட்டால் மெழுகு உருகிப் புரிக்குள் இழுபடும். எண்ணெயைவிட இது நன்றாக வேலை செய்வதை நான் பல தரம் கண்டுவிட்டேன்.

அப்படியும் வராவிட்டால் நட்டைக் கிரைண்டரால் ஒரு பக்கம் கீறி உளியால் பிளந்துவிடுங்கள். நட்டு மலிவு, மனிபோல்ட் மலிவில்லை.

ஸ்டட் முறிந்துவிட்டால்? வெளியே கொஞ்சமேனும் நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளால் வெல்டிங் பிடித்து, செந்நிறம் ஆறினவுடன் மெதுவாகத் திருப்பினால் வந்துவிடும். மட்டமாக முறிந்திருந்தால், ட்ரில் நன்றாகக் கைவந்தவர் இல்லையென்றால், மனிபோல்டைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். லொறிக்கு அடியில் படுத்துச் சரிவாகத் துளை போட்டு வார்ப்பிரும்பைக் கெடுத்த இரண்டு மனிபோல்டுகளை நான் பார்த்திருக்கிறேன், இரண்டுக்கும் பதில் பிறகு கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகக் கடைகளில்தான் தேட வேண்டி வந்தது.

8. எக்ஸோஸ்ட் பிரேக் வால்வை மறக்க வேண்டாம்

முன்குழாயில் எக்ஸோஸ்ட் பிரேக், அதாவது புகையை மறித்து லொறியின் வேகத்தைக் குறைக்கும் அமைப்பு, இருக்கும் லொறியில் இந்தச் சந்தர்ப்பம் திரும்பக் கிடைக்காது. குழாய்க்குள் ஒரு தட்டு, அதைத் திருப்ப ஒரு அச்சு, அதை இழுக்கும் வெற்றிடக் கிண்ணம், கிண்ணத்துக்குப் போகும் ரப்பர்க் குழாய். கரி படிந்து அச்சு இறுகிவிட்டால் தட்டு பாதியில் நின்றுவிடும். லொறி இழுக்காது, கறுப்புப் புகை தள்ளும், ஆள் பம்பைப் பழுதென்று நினைத்துப் பணத்தை அங்கே கொட்டுவார்.

கையால் நெம்புகோலை ஆட்டிப் பாருங்கள். முழுதாகத் திறந்து தானாகத் திரும்ப வேண்டும். இறுக்கமென்றால் கரியைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, இலகுவாகும் வரை ஆட்டுங்கள். தட்டு மூடும்போதும் ஓரத்தில் சின்ன இடைவெளி இருக்கும், அது பழுதல்ல, எஞ்சின் நின்றுவிடாமல் இருக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள், அதை அடைக்காதீர்கள். ரப்பர்க் குழாய் வெடித்திருந்தால் மாற்றி, சூட்டுக்குத் தூரமாகக் கட்டுங்கள்.

9. புதுக் குழாயைத் தயார் செய்வது

பழைய குழாயின் வெளி விட்டத்தைத் துருவில்லாத இடத்தில் அளவுங்கள், அதே விட்டம் வேண்டும். கையில் கிடந்தது என்று சின்னக் குழாய் போட்டால் புகை வெளியேற இடம் போதாது, எஞ்சின் சூடும் கறுப்புப் புகையும் கூடும், புகைப் பரிசோதனையில் அது அப்படியே தெரியும். தடிப்பு 1.5 முதல் 2 மில்லிமீற்றர் போதும்.

தண்ணீருக்குப் போடும் நாக முலாம் பூசிய இரும்புக் குழாயைப் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள், துருப்பிடிக்காது, வீட்டில் மிச்சமும் கிடக்கும். வேண்டாம். அதை ஒட்டும்போது நாகம் ஆவியாகி வரும் வெள்ளைப் புகை உள்ளே போனால் சில மணித்தியாலத்தில் குளிரும் காய்ச்சலும் நடுக்கமும் பிடிக்கும். ஒரு பெடியன் மூடிய கொட்டிலுக்குள் அப்படி ஒட்டிவிட்டு இரவு முழுவதும் நடுங்கிக்கொண்டு கிடந்தான், டெங்கு என்று வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டார்கள். அதோடு அந்தக் குழாய் தடிப்பு, அந்தப் பாரத்தைத் தொங்கு ரப்பர் தாங்காது.

வளைவுகளை வளைக்கும் இயந்திரம் உள்ள கடையில் செய்யக் கொடுங்கள். மணல் நிரப்பி நெருப்பில் வளைப்பவர்களும் இருக்கிறார்கள், நன்றாகத்தான் செய்வார்கள். வளைவின் உட்புறம் நசுங்கி மடிந்திருந்தால் வாங்காதீர்கள், அந்த மடிப்பில்தான் புகை முட்டும், துருவும் அங்கேதான் தொடங்கும்.

ஒட்டுவதென்றால் முதலில் புள்ளி ஒட்டுத்தான், முழு ஒட்டு இப்போது இல்லை. லொறியில் வைத்துப் பார்த்து, குறித்து, இறக்கி, நிலத்தில் வைத்து முழுதாக ஒட்டுங்கள். லொறியிலேயே ஒட்ட வேண்டி வந்தால் பற்றறி முனைகள் இரண்டும் கழன்றிருக்க வேண்டும், எர்த் கிளாம்ப் ஒட்டும் இடத்துக்குப் பக்கத்தில் அதே குழாயில் பிடிக்க வேண்டும். எர்த்தை எங்கோ செஸியில் பிடித்தால் மின்சாரம் பேரிங் வழியாகவும் ஒல்டனேற்றர் வழியாகவும் பாதை தேடும்.

சைலன்சரில் வடிதுளை இல்லையென்றால், பூட்டும்போது எது அடிப்பக்கமோ அங்கே பின்முகத்துக்குக் கிட்ட 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போடுங்கள். குறுகிய ஓட்டம் ஓடும் லொறிக்கு இந்தத் துளை சைலன்சரின் ஆயுளைக் கூட்டும்.

10. பூட்டுவது: முன்னாலிருந்து பின்னுக்கு, எல்லாம் தளர்வாக

ஸ்டட் எல்லாவற்றுக்கும் செம்பு கிரீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். புதுக் கஸ்கெட்டை வைத்து முன்குழாயை ஏற்றி, நட்டைக் கையால் மட்டும் ஓட்டுங்கள், குழாய் இன்னும் ஆடவேண்டும். கையால் ஓடாத நட்டு என்றால் புரி பிழை, ஸ்பனர் எடுக்க வேண்டாம்.

பிறகு நடுக்குழாய். முன்னால் இருக்கும் குழாய் உள்ளே, பின்னால் வருவது வெளியே என்ற மாதிரி ஏற்றுங்கள், அப்போது புகை ஓடும் பாதையில் குழாய் விளிம்பு முட்டாது. 40 முதல் 50 மில்லிமீற்றர் வரை ஒன்றுக்குள் ஒன்று ஏறட்டும். கிளாம்பைக் குழாயில் முதலே கோர்த்துவிடுங்கள், பூட்டிய பிறகு கோர்க்க முடியாது. அப்புறம் சைலன்சர், கடைசியாகப் பின்குழாய்.

தொங்கு ரப்பர்கள் ஏறாவிட்டால் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள். கிரீஸோ எஞ்சின் ஒயிலோ பூசினால் ரப்பர் ஊதிப் பிய்ந்துவிடும். ரப்பருக்குப் பதிலாகக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போவது ஊரில் வழக்கமாகிவிட்டது. அது இரண்டு நாள் ஓட்டத்துக்குச் சரி, நிரந்தரமாக வேண்டாம். எஞ்சின் மவுண்டில் ஆடும், செஸி தன் பாட்டுக்கு முறுகும், இரண்டுக்கும் நடுவில் குழாய் அசைய வழியில்லாவிட்டால் ஒட்டுத்தான் வெடிக்கும்.

இப்போது முழு லைனும் தளர்வாகத் தொங்குகிறது. எழும்பித் தேத்தண்ணீர் ஒன்று குடித்துவிட்டு வந்து, முன்னாலிருந்து பின்வரை கையை விட்டுப் பாருங்கள். குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு விரல் அகலத்துக்கு மேல், 25 மில்லிமீற்றராவது, இடம் இருக்க வேண்டும். பிரேக் லைன், டீசல் லைன், ஹேண்ட் பிரேக் கேபிள், வயர்க்கட்டு, ப்ரொப்பலர் சாப்ட். ரப்பரும் பிளாஸ்டிக்கும் உள்ள இடத்தில் அதைவிடக் கூட வேண்டும். எழுதி வைத்த அளவுகளோடு ஒப்பிடுங்கள். குழாயைக் கையால் ஆட்டிவிட்டால் அது எங்கும் தட்டாமல் திரும்பித் தன் இடத்துக்கு வர வேண்டும். ரப்பர் ஏதாவது ஒரு பக்கம் இழுத்து நிற்கிறதென்றால் அந்த இழுப்பு ஒரு மூட்டுத் திரும்பியிருப்பதால் வருவது. கொக்கியை வளைத்துச் சரிசெய்யாதீர்கள், மூட்டைத் திருப்புங்கள்.

11. இறுக்குவது

முன்னாலிருந்து பின்னுக்குத்தான். மனிபோல்ட் ஃபிளேஞ்சில் ஒரு நட்டை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். ஒவ்வொன்றிலும் அரைச் சுற்று, மாறி மாறி, ஃபிளேஞ்சின் இடைவெளி சுற்றிவர ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்தபடி. ஒரு பக்கம் முதலில் இறுகினால் கஸ்கெட் அந்தப் பக்கம் நசுங்கி மறுபக்கம் கசியும். இறுக்கும் விசையை அளக்கும் டோர்க் ஸ்பனர் உள்ளவர்கள் உங்கள் லொறியின் கைநூல் சொல்லும் அளவைப் பாருங்கள். பொதுவாக 10 மில்லிமீற்றர் ஸ்டட்டுக்கு 40 நியூட்டன் மீற்றர் அளவு, 8க்கு அதன் பாதி. குழாயை நீட்டிப் பிடியில் போட்டு ஏறி நின்று இறுக்க வேண்டிய வேலை இல்லை இது.

யூ வடிவக் கிளாம்பின் நட்டுகள் நிலத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் இருக்கட்டும், கல்லில் அடிபடாது, அடுத்த தரம் கழற்றவும் கை போகும். குழாய் நசுங்கும் வரை இறுக்காதீர்கள். புகைக்குழாய்ப் பசை பூசுவதென்றால் ஒன்றுக்குள் ஒன்று ஏறும் மூட்டுக்கு மட்டும், கஸ்கெட் உள்ள ஃபிளேஞ்சுக்கு வேண்டாம்.

12. சோதனை

பற்றறியைப் பூட்ட முன் கஸ்கெட் உறை, துணி, ஸ்பனர் எதுவும் மேலே கிடக்கிறதா என்று பாருங்கள். மனிபோல்ட் வாய்க்குள் துணி அடைத்து வைத்திருந்தால் அதை எடுத்தாகிவிட்டதா என்பதை இந்த நேரத்தில் யோசித்துப் பயனில்லை, அடைக்கும்போதே அதன் வாலை வெளியே தொங்கவிட்டிருக்க வேண்டும்.

லொறியை வெளியில், காற்றோட்டத்தில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள், கொட்டிலுக்குள் வேண்டாம். குழாய் சூடாக முன் முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில் சவர்க்காரத் தண்ணீரை ஒவ்வொரு மூட்டிலும் தெளியுங்கள், கசிந்தால் குமிழி வரும். ஒருவர் தடித்த கையுறையோடு ஈரச் சாக்கைப் பின்குழாய் வாயில் இரண்டு மூன்று செக்கன் பிடிக்கட்டும். லைன் நன்றாக அடைபட்டிருந்தால் சாக்கு வலுவாகத் தள்ளப்படும், எங்கோ சுர்ரென்று கேட்டால் அங்கே கசிவு. இந்தச் சோதனையை ஐட்லிங்கில் மட்டும் செய்யுங்கள்.

பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். எண்ணெயும் பெயின்ரும் எரிந்து கொஞ்சம் புகையும், மணக்கும், அது நின்றுவிடும். நிற்காமல் ரப்பர் கருகும் மணம் வந்தால் உடனே நிறுத்தி எது தொடுகிறது என்று தேடுங்கள். எக்ஸோஸ்ட் பிரேக்கை ஒரு தரம் போட்டு எடுத்துப் பாருங்கள்.

13. ஓடிய பிறகு

ஐம்பது கிலோமீற்றர் ஓடி முழுதாக ஆறிய பிறகு எல்லா நட்டையும் மறுபடி ஒரு தரம் பாருங்கள். கஸ்கெட் சூட்டில் அமர்ந்திருக்கும், கால் சுற்று நிச்சயம் வாங்கும். சூடாக இருக்கும்போது இறுக்கினால் ஸ்டட் நீண்டு, ஆறும்போது அளவுக்கு மிஞ்சி இறுகிவிடும்.

முதல் தடவை முழுச்சுமை ஏற்றி வந்த அன்று அடியில் குனிந்து அச்சுக்கு மேலேயுள்ள வளைவைப் பாருங்கள். பளபளவென்று உரசிய அடையாளம் இருந்தால் சுமையில் தொட்டிருக்கிறது, அந்தக் கிளாம்பை மட்டும் தளர்த்திக் குழாயைத் திருப்பிவிடலாம். பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் அடிக்கடி போய்வரும் லொறி, மீன் ஏற்றும் லொறி என்றால் கிழமைக்கு ஒரு தரம் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், குழாய் ஆறிய பிறகு. மாதக் கணக்கில் நிறுத்தி வைப்பதென்றால் பின்குழாய் வாயைக் கம்பிவலையால் மூடுங்கள், குளவி கூடு கட்டிவிடும்.

பழைய சைலன்சரை இனிப் பழைய இரும்புக்குக் கொடுக்கலாம்.